சவரி மாமா கட்டிய மேடு

திருவிழாவுக்காகப் போன மாதம் திண்டுக்கல்லில் எங்கள் பழைய தெருவுக்குப் போயிருந்தேன். முனையில் புதிதாக ஒரு பலகை: ‘வேகம் 20’. பரவாயில்லையே என்று நின்று படிப்பதற்குள் ஒரு மினி வேன் சட்டையை உரசிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே மல்லிகை வாசம். அப்பாடா, தெரு மாறவே இல்லை.

தொண்ணூறுகளிலும் இப்படித்தான். நிலக்கோட்டைப் பூ வேன்களுக்கு எங்கள் தெரு குறுக்குவழி. மொட்டு விரிவதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவர்களுக்கு. எதிர்வீட்டுத் தெரசா அத்தைக்கோ காது மந்தம். தண்ணீர்க் குழாய் தெருவுக்கு அந்தப் பக்கம். அவர் குடத்தோடு இறங்கினாலே நாங்கள் வாசலுக்கு ஓடிவந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்போம். ஒருநாள் வேன் இடித்துக் குடம் மட்டும் நசுங்கியது.

மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அத்தையின் புருஷன் சவரி மாமா கொத்தனார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவரே வேகத்தடை கட்டினார். சொந்தப் பெண்டாட்டிக்காகக் கட்டியதல்லவா, கொஞ்சம் தாராளமாகவே கட்டிவிட்டார். வாய்க்கால் கரை தோற்றது. வேன்கள் முக்கி முனகி ஏறி இறங்கின. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டோம். திருவிழாவன்று அந்தி நேரத்தில் மாதா சப்பரம் தெருவுக்குள் வந்தது. சின்னச் சக்கரம் வைத்த தள்ளுச் சப்பரம். மேட்டில் அடித்தட்டு இடித்து அப்படியே நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள். மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அத்தை விறுவிறுவென்று வந்து மேட்டின்மேல் ஏறி நின்றார். “மாதாவச் செத்த நேரம் தூக்கிட்டுப் போங்கப்பா. இத இடிச்சா நாளைக்கு என்னையத்தான் தூக்கணும்.” காது மந்தமானவர்களுக்கே உரிய பெருங்குரல்.

பங்குச் சாமியார் கடப்பாரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “தூக்குங்கப்பா” என்றார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அங்கே சப்பரத்தைத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. வெளியூர் மாப்பிள்ளைகள் பக்தியோடு காரணம் கேட்பார்கள். “அது அந்தக் காலத்துலருந்தே அப்டித்தான்” என்போம், சிரிக்காமல். தோள் கொடுத்தால் வேண்டுதல் பலிக்கும் என்று என் தம்பி கிளப்பிவிட்ட கதை இன்னும் உலவுகிறது.

பிறகு புது ரோடு போட்டபோது மேட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். குழாய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மாமா முன்னால் போனார். அத்தை வயதாகி, படுக்கையில்தான் போனார். வேனில் அடிபட்டு அல்ல. அதில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி.

போன மாதம் நான் போயிருந்தபோதும் மாலையில் சப்பரம் வந்தது. அத்தை வீட்டெதிரே, சமமான தார் ரோட்டில், யாரும் சொல்லாமலே பையன்கள் நிறுத்தித் தூக்கினார்கள். இல்லாத மேட்டைத் தாண்டி இறக்கி வைத்தார்கள். பின்னால் ஒரு பூ வேன் ஹாரன்கூட அடிக்காமல் காத்து நின்றது. அன்றுபோல் ஏறி நின்று அதட்டுவதற்குத்தான் அத்தை இல்லை.