மாறாத நாற்பத்தொன்று

கலைச்செல்வி அக்காவைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சங்கடமானதையும் விடமாட்டேன்.

செய்தி வந்தபோது ஸ்ரீரங்கத்தில் பள்ளி பஸ்ஸில் இருந்தேன். காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்த அக்கா இறந்துவிட்டார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். உடனே, அவர் எனக்குத் தனியாக அனுப்பியிருந்த கடைசிச் செய்தியைத் திறந்தேன். “ஃபேன் வெச்சுப் பாத்தியா?” நான் பதில் போடவே இல்லை.

தில்லை நகர் அறையில் ஞாயிறுதோறும் நாம் செய்யும் வேலை அவர் தொடங்கியது. கணினிக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சார்களைக் கட்டற்ற மென்பொருள் சரியாக அடையாளம் காண வேண்டும். எந்தச் சென்சாருக்கு எந்த டிரைவர் நிரல் வேண்டும் என்று யாருக்கும் புரியும்படி எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘சோதித்தேன்’ அல்லது ‘சோதிக்கவில்லை’ என்று போடும் வழக்கமும் அவருடையதுதான். “தெரியலன்னு எழுதுறதும் டாக்குமெண்டேஷன்தான்டி” என்பார்.

பள்ளிக் கண்காட்சியில் ஒரு பழைய கணினியை வைத்திருந்தேன். திரையில் மூன்று வெப்பநிலைகள். மூன்றாவது எப்போதும் நாற்பத்தொன்று. “திருச்சி வெயிலு கம்ப்யூட்டருக்குள்ளயும் பூந்துடுச்சு” என்று ஒரு தோழியின் அப்பா சிரித்தார்.

“அதை நம்பாதீங்க சார். போர்டுல அந்த முனையில சென்சாரே இல்லாம இருக்கலாம். காலைலேருந்து அசையவே இல்ல” என்றார் கண்காட்சிக்கு வந்திருந்த அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த எண்ணின் கீழ் ‘சோதித்தேன்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். நம் ஆவணத்திலும் அப்படியே சேர்த்திருந்தேன். உண்மையில் திரையைப் பார்த்ததோடு சரி.

“என் மானத்த வாங்கிட்டீங்கக்கா” என்றேன்.

“எண்ணு தப்பா இருந்தா உன் மானம் எங்கடி போவுது? ஃபேன் காத்தக் காட்டு. குறையலன்னா தப்புன்னு எழுது. தீந்துச்சு.”

அதன்பின் ஞாயிறுகளில் நான் வரவில்லை. பரீட்சை என்று சொல்லியிருந்தேன். பரீட்சை எதுவும் இல்லை.

அவருக்காக நாம் கூடிய அன்று அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பேசி முடித்த பிறகு மேசை விசிறியை அதன்முன் வைத்தேன். முதல் இரண்டு எண்களும் இறங்கின. மூன்றாவது அசையவில்லை. ஆவணத்தில் என் வரியை அழித்து, ‘காற்றுக்கும் மாறவில்லை, நம்ப வேண்டாம்’ என்று எழுதினேன். முதலில் சந்தேகித்தவர் என்று அக்காவின் பெயரைச் சேர்த்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ‘சோதிக்கவில்லை’ என்ற சொல்தான். அதை எழுதக் கூசியதால்தான் அவரைக் கடைசியாகப் பார்க்காமல் போனேன்.

“பாத்துட்டேன்க்கா. குறையல” என்று அவருக்குப் பதில் அனுப்பினேன். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. இரண்டாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அறையைப் பூட்ட வேண்டும் என்று யாரோ விளக்குகளை அணைத்தார்கள்.