தம்பி வாங்கிய பம்பு

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது அப்பாவின் சைக்கிள் தம்பிக்குப் போனது, பம்பும் ஸ்பேனரும் போட்ட சைக்கிள் சாமான் பை எனக்கு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து தோப்பைப் பிரித்து, வீட்டை நடுவில் பிரித்து, அண்டா குண்டா வரைக்கும் பிரித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. மிச்சம் கிடந்தது அந்தச் சைக்கிளும் பையும்தான். "சைக்கிள் சின்னவனுக்கு, சாமான் பெரியவனுக்கு. எந்திரிங்கப்பா, எலை போடச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார்கள். சைக்கிள் ஒருத்தனிடமும் அதைக் கழற்றுகிற ஸ்பேனர் இன்னொருத்தனிடமும் இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அப்போது நானும் தம்பியும் நன்றாகத்தான் இருந்தோம்.

சண்டை பிறகு வந்தது, தோப்பில் பொதுவாக விட்டிருந்த போர்வெல் மோட்டாரால். ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை என்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை மோட்டாரின் காயில் எரிந்துபோனது. அவன் முறையில் எரிந்தது என்று நானும், என் முறையில் எரிந்தது என்று அவனும் பேசினோம். பேச்சு தடித்தது. செத்துப்போன அப்பா அம்மாவையெல்லாம் இழுத்து நடுத்தெருவில் நிறுத்திய பிறகு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். பிறகு ரொம்ப நாள் மூடியேதான் இருந்தது.

ஆனால் முழுக்க மூடியிருந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பேச்சு இல்லாதவர்கள் சாடையாகப் பேசிக்கொள்வார்கள். ஆளைப் பார்த்துப் பேச மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற மாட்டையோ, கோழியையோ, மூலையில் சாத்தி வைத்த விளக்குமாற்றையோ பார்த்துப் பேசுவார்கள். கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிடும். ஒரே வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும் வருடக்கணக்கில் அம்மிக்கல்லிடமே பேசி வாழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருக்கட்டும். சுத்தமாகப் பேசாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தம்பி சைக்கிளில் டீ விற்கிறான். கேரியரில் பெரிய கேன், ஹேண்டில்பாரில் வாளி, பை, கப்பு எல்லாம் தொங்கும். விடிந்ததும் முந்திரி உடைக்கிற ஷெட்டுகளுக்குப் போவான், அங்கிருந்து ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு. அத்தனை பாரத்தை அப்பா காலத்துச் சைக்கிள் எப்படித் தாங்கும்? இன்று காற்று இறங்கும், நாளை ஸ்போக்ஸ் தெறிக்கும், அதற்கு மறுநாள் செயின் லூசாகும். நான் ஆலங்குடியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். சர்க்கரை கூடிப்போய், சைக்கிள் மிதிக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டதில் நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். அதனால் பை என் வீட்டில் தூங்காமல் இருந்தது.

காலையில், பாகம் பிரித்ததும் வீட்டுக்கு நடுவில் எழுப்பிய குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சைக்கிளிடம் பேசுவது கேட்கும். "ஏய், காலங்காத்தால காத்தெறங்கி நின்னா நான் எப்படி லைனுக்குப் போறது?" உடனே நான் பையை எடுத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு, பல் துலக்கப் போவதுபோல அங்கிட்டுப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் பம்பு அடிக்கிற சத்தம் கேட்கும். திரும்பி வந்தால் பை சுவரில் இருக்கும். ஸ்பேனரில் கிரீஸ் துடைத்திருக்கும். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தீர்ந்துபோயிருந்தால் அவனே புது ட்யூப் வாங்கிப் போட்டிருப்பான். ஒரு தடவை பம்பின் வாஷரைக்கூட மாற்றி வைத்திருந்தான். நான் மூலையில் கிடந்த வாளியைப் பார்த்து, "பம்பு இப்ப நல்லா அடிக்குது" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. அன்றைக்கெல்லாம் எனக்கு ஆபீஸில் வேலை லேசாக ஓடியது.

தெருக்காரர்களும் அந்தப் பையைக் கேட்டு வருவார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். "இந்தா குடுத்துர்றேன்" என்று வாங்கிப் போகிறவன் நாம் தேடிப் போகிற வரைக்கும் தர மாட்டான். போனால், "அட, நானே கொண்டாரணும்னு இருந்தேன்" என்பான். டயர் கழற்றுகிற பட்டையால் தேங்காய் நெம்பியிருப்பான். திருப்புளி முனை மழுங்கியிருக்கும். சைக்கிள் வைத்திருக்கிறவன் சொந்தமாக ஒரு ஸ்பேனர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவன் வாசலில் போய் நிற்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் ஓயாமல் சொன்னேன். அதில் தம்பியைச் சேர்த்ததே இல்லை. அவன் கேட்பதை இரவல் என்று நான் நினைத்ததே இல்லை.

போன தைக்கு முன்னால் ஒரு நாள் காலை. வழக்கம்போல அவன் குரல் கேட்டது. நான் பையைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் வெள்ளாடு ஒன்று சுவரோரம் முருங்கை மரத்தில் கட்டிக் கிடக்கும். அது முன்னங்கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்து, பையின் வாரை மென்றுகொண்டிருந்தது. அகத்திக் குழை காலடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, அதற்குப் பையின் வார் கேட்கிறது. எனக்கு வந்ததே கோபம். "ஒனக்குன்னு போட்டது கெடக்குல்ல? எந்நேரமும் அடுத்தவன் பொருள்தான் வேணுமா? வெக்கங்கெட்ட சென்மம்" என்று கத்தினேன். ஆடு சட்டென்று காலை இறக்கிக்கொண்டு சுவருக்குக் கீழே ஒதுங்கிவிட்டது.

அதே நேரம் அந்தப் பக்கம் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி பையை எடுக்க நிமிர்ந்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது பை, அதற்குப் பின்னால் கோபத்தோடு நிற்கிற நான், அவ்வளவுதான். நீட்டிய கையை அப்படியே இறக்கிக்கொண்டான். என் முகத்தை ஒரு தடவை நேராகப் பார்த்தான். சண்டைக்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கேனைத் தூக்கிக் கேரியரில் கட்டி, காற்றில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டே போனான். கேன் நிறையக் கொதிக்கிற டீயோடு ஆலங்குடி வரைக்கும் உருட்டியிருக்கிறான்.

நான் ஆட்டைத்தான் திட்டினேன். சத்தியமாக ஆட்டைத்தான். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சாடை பேசுகிற ஊரில், மாட்டிக்கொண்ட எல்லோரும் சொல்கிற சமாதானம் அதுதானே. "ஒங்களையா சொன்னேன், நான் கோழியச் சொன்னேன்" என்று சொல்லாத வாய் எங்கள் தெருவில் உண்டா? நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

பெண்கள் இரண்டு பேரும் குழாயடியில் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. அங்கே என் மனைவி தம்பி மனைவியிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டுவிட்டு, "விடுங்கக்கா, ஆட்டுக்கு எதுக்கு அடுத்தவன் பொருளு, சொந்தப் பொருளுன்னு பாடம்?" என்று சொல்லியிருக்கிறாள். வந்து என்னிடம் சொல்லும்போது என் மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்க, நெசமா ஆட்டத்தான் சொன்னீங்களா?" என்றாள். எனக்குக் கெட்ட கோபம் வந்து சாப்பிடாமல் ஆபீஸ் போனேன்.

மறுநாள் அந்தப் பக்கம் குரல் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நானாகவே காலையில் பையைச் சுவர் மேல் வைத்துப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. வெயில் ஏறியதும் மனைவி எடுத்து உள்ளே வைப்பாள். ஒரு நாள் மழையில் நனைந்து உள்ளே இருந்த ஸ்பேனரெல்லாம் துரு பிடித்துவிட்டது. சாடையாகவே சரிசெய்யலாம் என்று, அவன் புறப்படுகிற நேரம் பார்த்து வாளியிடம், "அன்னைக்கு நான் ஆட்டத்தான் வைதேன்" என்று உரக்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே நாராசமாக இருந்தது. அது அவனை இன்னொரு தடவை ஆடு என்று சொன்னதுபோலத்தான் கேட்டிருக்கும்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்தப் பக்கம் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. கனமான, புதுப் பம்பின் சத்தம். எங்கள் பம்பு கிழவன் மூச்சு விடுவதுபோல அடிக்கும், எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்க்கக் கூடாது என்று இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டேன். நின்றபடி அடிக்கிற பெரிய பம்பு. பக்கத்தில் தகரப் பெட்டியில் வரிசையாக ஸ்பேனர், டயர் பட்டை, புதுத் திருப்புளி, எல்லாம் பளபளவென்று. நான் ஊருக்கெல்லாம் சொன்னதை அவன் செய்துவிட்டான். சொந்தமாக வாங்கிவிட்டான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பல்கூடத் துலக்காமல் உள்ளே போய்ப் பையை ஆணியில் மாட்டினேன்.

கொஞ்ச நாளில் தெருக்காரர்கள் அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். புதுச் சாமான், முகம் சுளிக்காமல் கொடுக்கிறான், பிறகு எதற்கு என்னிடம் வருவார்கள்? தொல்லை விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். பை ஆணியில் தொங்கியது. காலையில் பல் துலக்கும்போது அந்தப் பக்கம் நடமாட்டம் கேட்கும், வாளி சத்தம் கேட்கும், அவன் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டான். சைக்கிளிடம்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தப் பை போய் வந்தது ஒன்றுதான். அவனுக்கு என்னிடம் தேவை இருந்தவரைக்கும் நான் அண்ணனாக இருந்தேன். தேவை போனதும் நான் பக்கத்து வீட்டுக்காரன். இப்படியே விட்டால் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரன்கூட இல்லை என்று ஆகிவிடும் என்று பயம் வந்தது. என் வயதில் அந்தப் பயம் வந்தால் தூக்கம் போய்விடுகிறது.

அவன் கேட்டு வராவிட்டால் நான் கேட்டுப் போவது என்று முடிவு செய்தேன். அடுத்தவன் வாசலில் போய் நிற்காதே என்று ஊருக்கே சொன்ன வாய் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, என் சைக்கிளின் பின் சக்கரத்தில் வால்வை லூசாக்கிக் காற்றைப் பிடுங்கிவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி அவன் வாசலுக்குப் போனேன். சண்டைக்குப் பிறகு அந்தப் பக்க வாசலுக்கு நான் போனதே இல்லை. தம்பி கேனைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். பேசலாமா வேண்டாமா என்று அவன் முகத்தில் ஓடியது. வாசலுக்கு வந்தவனை யாராயிருந்தாலும் வா என்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

"வாங்க" என்றான்.

ஆட்டைப் பற்றி, மோட்டாரைப் பற்றி, எல்லாம் பேச வேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன். வாயில் வந்தது, "காத்தெறங்கிப் போச்சுப்பா. பம்பு இருந்தா குடு" என்பதுதான்.

அவன் என் சைக்கிளைப் பார்த்தான். பிறகு குறுக்குச் சுவரைப் பார்த்தான். என் வீட்டுப் பம்பு எங்கே என்று கேட்பான், நான் ரிப்பேர் என்று சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவன் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பம்பை எடுத்து வந்து, உட்கார்ந்து, என் சக்கரத்துக்கு அவனே காற்றடித்தான். வால்வு லூசாக இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்து முறுக்கினான். டயரை அமுக்கிப் பார்த்தான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

"பம்ப வீட்டுக்குக் கொண்டுபோறேன். முன் சக்கரமும் கொஞ்சம் மந்தமா இருக்கு. சாயங்காலம் கொண்டாந்து தாரேன்" என்றேன். சாயங்காலம் மறுபடி வரலாம், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை.

அவன் பம்பை என் சைக்கிள் கேரியரில் வைத்து, தன் கேன் கட்டுகிற கயிற்றால் இறுக்கிக் கட்டினான். கட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

"நீங்களே வச்சுக்கங்கண்ணே. திருப்பித் தர வேணாம். நான் வேற வாங்கிக்கிறேன்."

"இல்லப்பா, நான் வந்து..."

"எதுக்குண்ணே ஒங்களுக்குச் சிரமம்" என்றான். கோபமே இல்லை குரலில். மறுபடி உட்கார்ந்து கேனைத் தேய்க்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். கேரியரில் பம்பைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"குடுத்துட்டாகளா? பேசுனாகளா?"

"பேசுனான். அண்ணேன்னு சொன்னான்."

"எப்பக் கொண்டுபோயிக் குடுக்கணும்?"

குடுக்க வேண்டாமாம் என்றேன். அவள் சிரிப்பு நின்றுபோனது. கேரியரிலிருந்து கயிற்றை அவிழ்க்கப் போன கையை இழுத்துக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.