இடம் கிடைக்காதவளுக்குப் பொன்னாடை

என் மூத்த மகளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை. அந்த ஓராண்டுப் படிப்பை முடித்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அவளுக்கு ஃபார்மசி படிக்க ஆசை. இங்கே மலேசியாவில் முன்பெல்லாம் இந்தியர்களுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். அடித்துப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்குவோம். இந்த முறை, பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தால் இனமே பார்க்க மாட்டோம் என்றார்கள். ஈப்போவில் எங்கள் ஃபிளாட்டே துள்ளிக் குதித்தது. நானும்தான் குதித்தேன், கிறுக்கி மாதிரி.

ஒன்பது பாடத்தில் ஏ. பத்தாவது பாடம் தமிழ். அதில் ஏ மைனஸ். ஏ மைனஸ் கணக்கில் சேராதாம்!

தமிழ் ஒன்றும் கட்டாயப் பாடமில்லை. எங்கள் கோயில் தலைவர்தான் வருடா வருடம் மேடையேறி, "தமிழ்ப் பிள்ளைங்க தமிழ் எடுக்கலைன்னா வேற யாரு எடுப்பா?" என்று முழங்குவார். இவள் எடுத்தாள். சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போய் ஆசையாகத்தான் படித்தாள். தலைவர் எங்கள் இந்தியர் கட்சியிலும் இருப்பவர் என்பதால் அவரையே போய்ப் பார்த்தேன்.

"முன்ன நமக்குன்னு கோட்டா இருந்துச்சு, நான் பேசி வாங்கிக் குடுப்பேன். இப்பதான் இனமே பாக்கறதில்லயே லா. எந்த வாயால நம்ம பிள்ளைன்னு போய்க் கேக்கறது தங்கச்சி?"

இனம் பார்த்தபோது நாங்கள் வரிசையில் கடைசி. பார்க்காதபோது வரிசையிலேயே இல்லை.

"தமிழ் எடுன்னு சொன்னப்ப மட்டும் இனம் இருந்துச்சா அண்ணே?" என்று கத்திவிட்டேன்.

"கோவப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை பிள்ளைய கோயிலுக்கு கூட்டிட்டு வாங்க, பேப்பர்காரங்க வாராங்க," என்றார்.

போனோம். இடம் கிடைக்காத பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி மாலை போட்டார்கள். நாங்கள் வேலை பார்த்த ரப்பர் எஸ்டேட்டை விற்று, குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தபோதும் இப்படித்தான் மாலையோடு வந்து படம் பிடித்துப் போனார்கள். இன்று அங்கே கோல்ஃப் திடல். படம் எடுப்பவர் என் மகளிடம், "கொஞ்சம் அழுவுற மாதிரி நில்லும்மா," என்றார். அவள் அழவில்லை. அந்தக் கேமராவைப் பிடுங்கி எறியலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

தலைவர் அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் தங்கையைக் காட்டி அவள் கேட்டாள்:

"அங்கிள், என் தங்கச்சி இப்ப ஃபார்ம் ஃபைவ். அவளும் தமிழ் எடுக்கறா. அடுத்த வருசமும் பொன்னாடை உண்டா?"

"கண்டிப்பா உண்டும்மா," என்றார் அவர், மனம் நிறைந்து சிரித்தபடி.