வெட்டிய கிளைகளில் வக்காக்கள்

கடல் உயிர்களை ஆராயும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபின், எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் மனைவியும் மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். எதிரே அரிசிக் கிடங்கின் வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். மழைக்காலத்தில் அதில் வக்காக்கள் கூடு கட்டும். இராக்கொக்கு என்று சொல்வார்களே, அவைதான். மாடியிலிருந்து அவற்றைப் பார்த்து எழுதுவதே என் வேலையாகிவிட்டது.

எச்சம் மூட்டைகளில் விழுகிறது என்று கிடங்குக்காரர் மரத்தை வெட்டப் பார்த்தார். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கச் சொன்னேன். "சரி சாரே, மழை கழியட்டே" என்று மலையாளத்தில் வாக்குக் கொடுத்தார்.

மழை முடியும் முன்பே ஒருநாள் ஆலுவாவுக்குப் போய்த் திரும்பினேன். பாதி மரம் தெருவில் கிடந்தது. இலைகளுக்குள் இறகு முளைக்காத குஞ்சுகள். சில நசுங்கியிருந்தன, சில வாயைத் திறந்தபடி துடித்தன. தாய்ப்பறவைகள் மேலே கத்திக்கொண்டு சுற்றின. கிடங்குக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"வாக்குக் கொடுத்தீரே!" என்று கத்தினேன்.

"பட்சியல்லோ சாரே, வேற மரம் நோக்கிப் போகும்."

பறக்கத் தெரியாதது எப்படிப் போகும்? அவரை அடித்திருப்பேன். அதற்குள் என் மனைவி துணிக்கூடையோடு இறங்கி வந்தாள். உயிருள்ள குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்து, நேரே கிடங்குக்குள் போய் அவருடைய மேசைமேல் கூடையைக் கவிழ்த்தாள்.

"இதுகளுக்கு வேறே மரம் எங்கே இருக்கு? நீங்களே காட்டித் தாங்கோ!"

மிரண்ட குஞ்சுகள் தின்ற மீனையெல்லாம் அவர் மேசையில் கக்கின. சுற்றிலும் கூலியாட்களின் சிரிப்பு. அவமானம் தாங்காமல்தான் அவர் வெட்டுவதை நிறுத்தச் சொன்னார், இரக்கத்தால் அல்ல.

அதுவரை மீனைத் தொட்டிராத என் மனைவி மத்தியை நறுக்கி ஊட்டினாள். அப்படியும் பெரும்பாலானவை செத்தன. இரண்டு பறந்தன.

இதையெல்லாம் எழுதி ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "மேசையில கக்கின இடம் பிரமாதம். சாவையெல்லாம் எடுத்துட்டு வேடிக்கையா எழுதிக் கொடுங்க சார்."

தாள்களை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மழை விட்டதும் மீதி மரத்தையும் வெட்டினார்கள். அப்போது கூடுகள் காலி. குஞ்சுகள் பறக்கும்வரை என்றுதானே நானும் கேட்டிருந்தேன். ஆத்திரம் மட்டும் இன்றும் ஆறவில்லை.