பாம்புக்காது விரல் தூக்கினால்

ஊரில் எத்தனையோ பேர் வாயால் பிழைக்கிறார்கள். அவள் அடுத்தவர் காதால் பிழைப்பவள். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, "பீப் சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்பாள். பத்தொன்பது வருஷமாக அதே வாக்கியம். வெட்கப்படுகிறவர்கள் போடாத சத்தத்துக்கும் விரல் தூக்குவார்கள். அவள் சிரிக்க மாட்டாள், குறித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் ரெக்கார்டு கடையில் இருப்பாள். புருஷனுக்குப் பாட்டு என்றாலே தலைவலி, மகளுக்கு அம்மாவோடு எங்கே போனாலும் தலைவலி, ஆகவே தனியாகத்தான். வாராவாரம் கடைக்குள்ளேயே ஒரு சின்னக் கச்சேரி. மைக் இல்லாமல் ஒருவரோ இருவரோ வாசிக்க, முப்பது பேர் மரத்தரையில் சம்மணம் போட்டுக் கேட்பார்கள். அங்கே அவளுக்குப் பெயர் பீப் அக்கா. கடைக்காரருக்குப் பெயர் பாம்புக்காது. பின்னறையில் குண்டூசி விழுந்தால் தலைப்பக்கம் விழுந்ததா முனைப்பக்கம் விழுந்ததா என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று பெருமையடிப்பார்கள்.

கச்சேரிக்கு முன் அங்கே ஒரு வழக்கம். நடுவிலிருக்கும் ரெக்கார்டு அலமாரிகளையெல்லாம் பின்சுவரோரம் தள்ளி, மின்விசிறியை நிறுத்தியதும், பாம்புக்காது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். யாரும் இருமக்கூடக் கூடாது. கடை முழுசாக அடங்கிவிட்டதென்று அவர் காது சொன்னதும் ஒரு விரலைத் தூக்குவார். அதற்கப்புறம்தான் முதல் சுரம்.

ஐந்து வாரத்துக்கு முன் அந்த ஒரு நிமிடத்தில்தான் அவளுக்கு அது கேட்டது. தரைக்கு அடியிலிருந்து, நகம் ஒடிகிற மாதிரி, டிக். அடியில் நிலவறை, தரைப்பலகையைத் தாங்குவது பழைய மர உத்தரங்கள். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் மூன்று. போன வாரம் எண்ணுவதையே விட்டுவிட்டாள். எல்லார் முன்னாலும் சொல்லியே விட்டாள்.

"அண்ணே, தரைக்கு அடியில ஏதோ விட்டுப்போற சத்தம் கேக்குது. தச்சர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க."

"எனக்குக் கேக்காதது உனக்குக் கேட்டுடுச்சாக்கும்! நாளெல்லாம் பீப் பீப்னு கேட்டா இப்படித்தாம்மா ஆகும்."

கடையே கொல்லென்று சிரித்தது. மற்றவர்களுக்கும் அது கேட்காமல் இருந்திருக்காது. ஆனால் பாம்புக்காது விரல் தூக்கிவிட்டால் அங்கே சத்தம் இல்லை என்று அர்த்தம். தன் காதைச் சந்தேகப்படுவார்களே தவிர அவர் காதையா சந்தேகப்படுவார்கள்?

உண்மை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, அன்றைய கடைசி ஆளாகக் கண்ணாடி அறைக்கு வந்தார். மெல்லிய சத்தம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. போடாத சத்தத்துக்கு ஆறு தடவை விரல் தூக்கினார்.

"யாருக்கும் தெரிய வேணாம்மா. இந்தக் காது போச்சுன்னா அப்புறம் நான் யாரு?"

வாக்குக் கொடுத்தாள். வந்தவர் ரகசியத்தை வெளியே விடுகிறவள் அந்த வேலைக்கே லாயக்கில்லை என்பது அவள் வைராக்கியம்.

இந்த ஞாயிறு செல்லோ வாசிக்க ஒரு பெண் வந்திருந்தாள். அறுபது பேர், எள் போட்டால் எள் விழாத கூட்டம். மின்விசிறி நின்றது. டிக். டிக். டிக்டிக். முன்வரிசையில் ஒருவர் தரையைப் பார்த்தார். பிறகு பாம்புக்காதைப் பார்த்தார். பாம்புக்காது விரலைத் தூக்கினார்.

அவள் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. இவருக்கு இந்தச் சத்தம் கேக்காதுங்க. நான்தான் டெஸ்ட் பண்ணேன். உங்களுக்கெல்லாம் கேக்குதில்ல? மெதுவா எந்திரிங்க. ஒவ்வொருத்தரா வெளிய போங்க."

யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசைக்காரர், "எனக்கும் கேட்டுச்சு" என்றார். "எனக்குந்தான்" என்றது இன்னொரு குரல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைக்காரர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அறுபது பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவர் மட்டும் பின்சுவரோரம், அலமாரிகளின் பக்கத்தில் நின்றார். வாசற்படியிலிருந்து கெஞ்சினாள்.

"வந்துடுங்கண்ணே. திட்டுறதுன்னா வெளிய வந்து திட்டுங்க."

"மானத்த வாங்கிட்டியேம்மா."

அவள் அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவில்தான் கவனித்தாள், டிக் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். கண்ணாடி அறையில் செய்த மாதிரியே விரலை மெல்லத் தூக்கினார்.

"கேக்குதும்மா. இப்ப எனக்கும் கேக்குது."

அந்த விரலைப் பிடித்தாவது இழுத்து வந்துவிடலாம் என்று அவள் உள்ளே ஓர் அடி எடுத்துவைத்தாள். காலடியில் பலகை ஓர் அங்குலம் இறங்கியது.