குறை சொல்ல ஆளில்லாத மென்பொருள்

ஓப்பன் சோர்ஸ் வேலையில் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும் என்பார்கள். எனக்கு அந்தத் திட்டும் கிடைக்கவில்லை. இலவசமாக மென்பொருள் எழுதி ஊருக்குக் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் எழுதியது ஏலக்காய் ஸ்டோருக்கு. ஸ்டோர் என்றால் மலையில் காயை உலர்த்தும் சூட்டறை. சூடு மிஞ்சினால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயைப் போடி ஏலத்தில் ஏறெடுத்துப் பார்க்க ஆளிருக்காது. உள்ளே மாட்டிய கருவி சூட்டை அளந்து அனுப்பும். அளவு மிஞ்சினால் முதலாளியின் போனில் அலாரம் அடிக்கும். மென்பொருள் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், குறை கண்டால் அங்கேயே எழுதலாம், தெரிந்தவர்கள் திருத்தியும் அனுப்பலாம்.

முதல் புகார்

பெரியப்பா மகன் பாண்டியண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே தோட்டம். முதலில் மாட்டியது அவர் ஸ்டோரில்தான். புகார்ப் பக்கத்தைத் திறந்து, எப்படி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன்.

சில நாளில் முதல் புகார் வந்தது. ஆசையோடு திறந்தால், "மிக அருமை. தங்கச்சிக்கு வாழ்த்துகள்" என்று எழுதிக் கைகூப்பும் படம் போட்டிருந்தார். அவரைப் பார்த்துச் சொந்தபந்தம் எல்லாம் எழுத, புகார்ப் பக்கம் கல்யாண ஃப்ளெக்ஸ் மாதிரி ஆகிவிட்டது. போனில் சண்டை பிடித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம வீட்டுப் புள்ள செஞ்சதுல நாமளே கொறை தேடுவமாத்தா?"

கார்த்தியின் திருத்தம்

பக்கத்து ஊரான சிலமலைக் கார்த்தி கோயம்புத்தூரில் கம்பெனி வேலை பார்ப்பவன். அண்ணன் ஸ்டோரில் கருவியை மாட்டிக் கொடுத்தது அவன்தான். அவனிடமிருந்து ஒரு திருத்தம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் திட்டத்துக்கு வெளியாள் அனுப்பிய முதல் திருத்தம் அது. சிக்னல் இருக்கிறதா என்று சோதிக்கும் சில வரிகள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "சும்மா, சின்ன மாற்றம்" என்று மட்டும் இருந்தது.

போடியில் என் வீட்டில் சிக்னலுக்குக் குறைவே கிடையாது. அதனால் எனக்கு விஷயம் பிடிபடவில்லை. எங்கள் தொழிலில் காரணம் கேட்காமல் எதையும் சேர்ப்பதும் இல்லை. "இந்த மாற்றம் எதற்கு?" என்று கீழே எழுதினேன். சாயங்காலத்துக்குள் திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "பரவால்லக்கா" என்று பதில் வந்தது, திருத்தம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்: "நாலு பேரு பாக்க எதுக்குன்னு கேட்டுப்புட்டியேத்தா, யாரக் கேட்டுச் செஞ்சேன்னு கேட்ட மாதிரி ஆகிப்போச்சாம் அவனுக்கு."

ஷாஜி சேட்டன்

பூப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஷாஜி சேட்டனை எனக்கு முன்பின் தெரியாது. இணையத்தில் பார்த்து, தானே எடுத்து மாட்டிக்கொண்டவர். ஒருநாள் ஜீப்பில் மலையிறங்கி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கை காயை அள்ளி மேசைமேல் வைத்தார். பச்சையே இல்லை. வைக்கோல் நிறத்தில் வாய் பிளந்து கிடந்தது.

மழையில் டவர் போயிருக்கிறது. சிக்னல் போனதும், கடைசியாக வந்த சூடு அப்படியே போனில் நின்றுவிட்டது. அது நல்ல அளவு. அலாரம் அடிக்கவேயில்லை, ஒரு பறிப்புக் காய் மொத்தமும் உள்ளே வெந்துவிட்டது. மகளை நர்சிங் சேர்க்க அந்தக் காயைத்தான் நம்பியிருந்தாராம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் நல்லதுன்னுதான் எழுதியிருக்கு, ஒரு கம்ப்ளெயிண்டு கூட இல்ல. அது கண்டிட்டுதான் ஸ்டோர்ல காவலுக்கு ஆள் நிறுத்தல, மோளே."

தெரிந்த விஷயம்

நேரே பாண்டியண்ணன் வீட்டுக்குப் போனேன். சிக்னல் போனால் சூடு அப்படியே நிற்குமா என்று கேட்டேன். "ஆமாத்தா, மாட்டுன வாரமே தெரியும். மழை வந்தா நாங்க போன நம்புறதில்ல. வெரசா ஆள அனுப்பிச் ஸ்டோருக்குள்ள போயிச் சூட்டப் பாத்துக்கிருவோம். கார்த்திகிட்டச் சொன்னேன், கமுக்கமாச் சரி பண்ணிருறேன்னான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அனுப்பும் ஆள் வரைக்கும் தெரிந்திருக்கிறது. எழுத வேண்டிய பக்கத்தில் மட்டும் கைகூப்பும் படங்கள்.

கார்த்திக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அன்றே திருத்தத்தை மறுபடி அனுப்பினான், அன்றே சேர்த்தேன். சேட்டன் காய்க்கு அதனால் பச்சை திரும்பப்போவதில்லை. "ஒரு வரி காரணம் எழுதியிருக்கக் கூடாதாடா?" என்றேன். அவன் சொன்னான்: "எழுதியிருந்தா, அக்கா தப்புப் பண்ணிருச்சுன்னு ஒலகத்துக்கே சொன்ன மாதிரி ஆயிருக்குமேக்கா."

யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து திருத்தலாம் என்று உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்தேன். குறை தெரிந்தவரும் திருத்தத் தெரிந்தவனும் என் மனம் நோகக் கூடாதென்று வெளியிலேயே நின்றுவிட்டார்கள், என்னை அறியாத ஒருவர்தான் நம்பி உள்ளே வந்தார்.