ஒரே ஃபியூஸில் நின்ற ஆலை

எங்கள் ஃபோர்மேன் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே ஓடும் மயிரிழைக் கம்பி அறுந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கும் காட்சி இன்றும் என் மனத்தில் தெளிவாக நிற்கிறது. காரைக்கால் கடற்கரையை ஒட்டிய பனிக்கட்டி ஆலையில் அவர் பொறுப்பாளர், நான் மின்பணியாளன். கிளிஞ்சல்மேட்டு மீனவக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் இயந்திரத்தோடு நின்றுவிட்டதால் ஊரார் அவரைக் ‘கரை மாப்பிள்ளை’ என்று கேலி செய்வார்கள். “நான் கரையில நிக்கிறதாலதான்டா ஒங்க மீனு நாறாம இருக்கு” என்று அவரும் திருப்பிக் கொடுப்பார்.

சுனாமியில் கடல்நீர் புகுந்து பழைய மின்பெட்டி பாழான பிறகு, கணினி முறையில் இயங்கும் புதிய பெட்டி வந்தது. குளிரூட்டும் அம்மோனியா வால்வுகள், உப்புநீரைக் கலக்கும் மோட்டார், பம்புகள் யாவும் அதிலிருந்த ஒரு மின்னணுக் கார்டிலிருந்தே கட்டளை பெற்றன. ஆனால் அந்த இணைப்புகள் அனைத்துக்கும் மின்சாரம் ஒரே ஒரு ஃபியூஸ் வழியாகச் சென்றது. உப்புக்காற்றில் அரித்து ஏதேனும் ஒரு வால்வின் கம்பிச்சுருள் பழுதானாலும் போதும், ஃபியூஸ் போய் ஆலை முழுவதும் நின்றுவிடும். பழுது எதில் என்பதும் தெரியாது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே சிறு ஃபியூஸ் வைக்க வேண்டுமென்று நாங்கள் இருவரும் முதலாளியிடம் சொன்னோம். “ஓடுற வரைக்கும் ஓடட்டும், அடுத்த மீன்பிடித் தடைக்காலத்துல பாத்துக்கலாம்” என்றார் அவர். அடுத்த தடைக்காலத்திலும் அதையேதான் சொன்னார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையில் அந்த ஃபியூஸ் போயிற்று. ஃபோர்மேன் புதியதைப் போட்டார். அதுவும் உடனே போயிற்று. தொட்டியில் தண்ணீர் பாதி உறைந்த நிலையில் கிடந்தது. வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. முதல் நாளில் எல்லாப் படகும் சேர்ந்தே கிளம்ப வேண்டும் என்பது அவர் ஊரின் கட்டுப்பாடு. ஒரு படகுக்குப் பனிக்கட்டி இல்லையென்றாலும் மற்றவை காத்திருக்க வேண்டும். முதல் வண்டியோடு வந்திருந்தவர் அவருடைய தங்கை கணவர். “என்ன மச்சான், தண்ணிய ஒறைய வைக்கச் சொன்னா நீ ஒறைஞ்சு போயி நிக்கிற? ஒன்னால ஊரே கரையில கெடக்கப் போவுது” என்றார். கூட்டம் சிரித்தது. ஃபோர்மேன் சிரிக்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்கண்ணே, ஒவ்வொரு ஒயரா கழட்டிப் பாத்துடுறேன். மத்தியானத்துக்குள்ள புடிச்சிடலாம்” என்றேன்.

“மத்தியானம் வரைக்கும் ஊருக்கு என்னங்க பதில் சொல்றது?” என்று கேட்ட ஃபோர்மேன், ஒயர் துண்டொன்றின் தோலை உரித்து, செம்பு இழைகளை முறுக்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகிவிட்டார். அதே காரியத்துக்காகப் பிறரைக் கடிந்துகொண்டவர் அவர். மோட்டார்கள் ஓடின, வெளியே ஆரவாரம் எழுந்தது. அது அடங்குவதற்குள் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் கார்டே எரிந்துபோயிருந்தது.

வேறு கார்டு சென்னையிலிருந்து வரவேண்டியிருந்தது. மற்ற ஊர்ப் படகுகள் கடலில் வலை வீசிக்கொண்டிருக்க, கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் கரையிலேயே கிடந்தன. ஆண்டின் முதல் மீன்பாடு கைவிட்டுப் போயிற்று. ஃபோர்மேன் ஆலைச் சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவரைத் தடுக்க வேண்டிய முதலாளி தடுக்கவில்லை. புதிய கார்டோடு, இணைப்புக்கு ஒன்றாக ஃபியூஸ்களும் வந்து இறங்கின. அவற்றை நான் தனியாகவே மாட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்து, தங்கை கணவரின் படகுக்குப் பனிக்கட்டி ஏற்றப் பழைய ஃபோர்மேனே வந்தார். அன்று வால்வு ஒன்றின் ஃபியூஸ் போயிருந்தது. மற்றவை தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன. அதைச் சொன்னபோது அவர் தலையைச் சற்றுச் சாய்த்து இயந்திரத்தின் ஓசையைக் கேட்டார். “அது ஒண்ணுதான் நிக்குதா?” என்றார்.

“அது ஒண்ணுதாண்ணே. உள்ள வந்து பாருங்க.”

அவர் பெட்டி இருந்த அறையை ஒருமுறை பார்த்தார். “வேணாங்க. கை ஈரமா இருக்கு” என்றார்.

அவருடைய வண்டிக்கு இன்னும் ஒரு கட்டியும் ஏற்றப்படவில்லை. கைகள் உலர்ந்தே இருந்தன.